பெட்ரோல் என்ஜினின் சக்தியை வளர்க்கும் வித்தை

மணலிக்கும் மாதவரத்துக்கும் இடையில், பழைய எம்.எம்.டி.ஏ. மனைப்பிரிவின் பெயராலேயே இன்றும் அறியப்படுகின்ற மாத்தூரை மையமாக வைத்து ஒரு வட்டம் வரைந்து பார்த்தால், மோட்டார் யுகத்தின் சரித்திரத்தில் நம் நாட்டுக்கு உரிய பங்கில் கணிசமான ஒரு பகுதி அந்த வட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடுவதைக் காணலாம். கிழக்கே மணலியில், 1965ஆம் ஆண்டில் ஸ்தாபிக்கப்பட்டு 1969ஆம் ஆண்டில் வேலையைத் தொடங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை கச்சா எண்ணெயை வடித்துப் பெட்ரோலும் டீசலும் தருகிறது. அதற்கப்பால் திருவொற்றியூரில், ஐம்பதுகளின் நடுவிலிருந்து புல்லட் மோட்டார் சைக்கிளைச் செய்து வந்த என்ஃபீல்டு தொழிற்சாலை இருக்கிறது. 1948ஆம் ஆண்டில் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் பிறந்து, முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி, 1955ஆம் ஆண்டில் அசோக் லேலண்டு என்று பெயர் மாறிய லாரித் தொழிற்சாலை எண்ணூரில் இருக்கிறது. தென்மேற்கே செம்பியத்தில் சிம்ப்சன் கம்பெனியின் என்ஜின் தொழிற்சாலையும், வடமேற்கே சோழவரத்தில், இரண்டாம் உலக யுத்த காலத்து விமான ஓடுதளத்தில், 1953ஆம் ஆண்டில் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல்லாண்டுகள் பந்தயங்கள் நடத்திய மைதானமும் இருக்கின்றன. எரிபொருள், வாகனம், பந்தயம் ஆகிய மூன்றும் இவ்வளவு நெருக்கமாக அமைந்த பிரதேசங்கள் இந்தியாவில் மிகச் சிலவே.

இப்படிப்பட்ட சூழ்நிலையில் வளரும் இளைஞனுக்கு, ஓர் என்ஜினிலிருந்து கூடுதல் சக்தியைப் பெறுவது எப்படி என்று அறிந்துகொள்ளும் ஆவல் உண்டாவது இயற்கையே. துறைமுகத்திலிருந்து பெட்டிகளைச் சுமந்து மணலி நெடுஞ்சாலையில் வரிசைகட்டி நிற்கும் ட்ரெய்லர்கள் யாவும் டீசலில் ஓடுபவை; அவற்றின் விஷயம் வேறு. ஆனால் ஜனங்கள் அன்போடு ‘குட்டியானை’ என்று அழைக்கும் சிறிய சுமை வண்டிகளில் பெட்ரோல் என்ஜின் பூட்டியவை இப்போது பெருகி வருகின்றன. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகை விதி அமலுக்கு வந்தபோது, மிகச் சிறிய டீசல் என்ஜினின் புகையைச் சுத்தம் செய்யும் சாதனங்களுக்கு ஆகும் செலவு வண்டியின் விலைக்கே பொருந்தாத அளவுக்கு உயர்ந்துவிட்டதால், பல ஆண்டுகளுக்கு முன்பே சுமை வண்டிகளைவிட்டு ஏறக்குறைய விடைபெற்றுக்கொண்ட பெட்ரோல் என்ஜின் மறுபடியும் அவற்றில் இடம்பெற்றது. அதனோடு கூடவே, பட்டறைகளில் ஒரு பழைய கோரிக்கையும் திரும்பி வந்திருக்கிறது: “அண்ணே, லோடு ஏத்திட்டா மேம்பாலத்துல இழுக்க மாட்டேங்குது, கொஞ்சம் பிக்கப் ஏத்திக் குடுங்க.”

இந்தக் கோரிக்கைக்கு நேர்மையாகப் பதில் சொல்லக் கற்றுக்கொள்வதே என்ஜின் டியூனிங் என்னும் வித்தையின் சாரம். அது மந்திரமன்று, ஊகத்தாலோ, ஒரு புதிய உறுப்பை வாங்கிப் பூட்டிவிடுவதாலோ கைவருவதுமன்று. காற்று, எரிபொருள், தீப்பொறி ஆகிய மூன்றையும் அளந்து அறிந்து, அளந்ததற்கு ஏற்ப நிதானமாக ஒழுங்கு செய்பவனுக்கே அது வசப்படும் என்பதைப் பெட்ரோல் லாரியின் கடந்த காலமும் நிகழ்காலமும் ஒருங்கே நிரூபிக்கின்றன.

சுதந்திரத்துக்கு முன்னும் பின்னும் சிறிது காலம் நம் சாலைகளில் ஓடிய லாரிகளில் பெரும்பான்மையானவை பெட்ரோல் லாரிகள்தாம். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் 1928ஆம் ஆண்டு முதல் 1954ஆம் ஆண்டு வரையில் பம்பாயில் வைத்துப் பூட்டிய ஷெவர்லே லாரிகளையும், பின்னர் பம்பாய் பிரிமியர் கம்பெனியிலிருந்து வந்த டாட்ஜ், ஃபார்கோ லாரிகளையும் அக்காலத்து மெக்கானிக்குகள் நன்கு அறிந்திருந்தார்கள். நாற்பதுகளில் பிரசித்தி பெற்றிருந்த ஷெவர்லேயின் ஆறு சிலிண்டர் என்ஜின், 216 கன அங்குலம், அதாவது ஏறக்குறைய மூன்றரை லிட்டர் கொள்ளளவு உடையது. அது நிமிஷத்துக்கு 3,300 சுற்றில் தந்த சக்தி 90 குதிரைச் சக்தி. இன்று மாருதி சூப்பர் கேரி என்னும் சிறு சுமை வண்டியில் உள்ள நான்கு சிலிண்டர் என்ஜினின் கொள்ளளவு 1,197 கன சென்டிமீட்டர். அது நிமிஷத்துக்கு 6,000 சுற்றில் தருவது 59.4 கிலோவாட், ஏறக்குறைய 80 குதிரைச் சக்தி. பழைய லாரி ஒரு லிட்டர் கொள்ளளவிலிருந்து 25 குதிரைச் சக்தியைப் பெற்றது; புதிய வண்டி அதே ஒரு லிட்டரிலிருந்து 67 குதிரைச் சக்தியைப் பெறுகிறது.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்து பார்ப்பவன் டியூனிங் சாஸ்திரத்தின் முதற்பாடத்தைக் கற்றுக்கொண்டவனாகிறான். பழைய என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் காற்று உள்ளே போக ஒரு வால்வும் புகை வெளியே போக ஒரு வால்வுமே இருந்தன, புதியதில் இரண்டிரண்டு. பழையதில் பிஸ்டன் கலவையை ஆறரை மடங்குதான் நெருக்கியது. புதியதில் பத்து மடங்குக்கும் மேல். அந்தக் காலத்துச் சாதாரணப் பெட்ரோலின் ஆக்டேன் எண் சுமார் எழுபது. இன்றைய சாதாரணப் பெட்ரோலின் ஆக்டேன் எண் 91க்குக் குறையாது. பழையதில் ஒற்றைக் கார்புரேட்டர் ஆறு சிலிண்டர்களுக்கும் பெட்ரோலைக் குத்துமதிப்பாகப் பங்கிட்டது. புதியதில் ஒவ்வொரு சிலிண்டரின் வாயிலிலும் இரண்டு இன்ஜெக்டர்கள் மில்லிகிராம் கணக்கில் அளந்து தெளிக்கின்றன. கனெக்டிங் ராடுகளின் பேரிங்குகளுக்கு எண்ணெயை வாரியடித்தே கொடுத்துவந்த பழைய என்ஜினை மிகுந்த வேகத்தில் சுழற்றினால் பேரிங்கு உருகிவிடும் அபாயம் இருந்தது; புதியதோ அழுத்தத்துடன் பாயும் எண்ணெயை ஆதாரமாகக் கொண்டு அதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு வேகத்தில் சுழல்கிறது. இவை ஒவ்வொன்றும் ஒரு டியூனிங் வேலைதான். நம் கைக்கு வரும் புதிய வண்டியில் எழுபது, எண்பது ஆண்டுகளின் டியூனிங் முன்னதாகவே செய்து முடிக்கப்பட்டிருக்கிறது என்பதை மறவாதவன், தான் மேலும் எவ்வளவு பெற முடியும் என்பதில் பேராசை கொள்ளமாட்டான்.

யுத்த காலத்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது நம்மவர்கள் கண்ட காட்சி இந்த விஷயத்தை இன்னும் தெளிவாக விளக்கும். அக்காலத்தில் பஸ்ஸின் பின்புறத்தில் பெரிய உருளை அடுப்பைப் பொருத்தி, அதில் மரக்கரியைக் குறைந்த காற்றில் எரித்து, அதிலிருந்து கிளம்பிய வாயுவைக் குளிரவைத்து வடிகட்டி என்ஜினுக்குக் கொடுத்து ஓட்டினார்கள். என்ஜின் அதே என்ஜின். ஓட்டுநரும் அதே ஓட்டுநர். ஆயினும் மேட்டில் பஸ் திணறியது. காரணம், கரிவாயுவில் ஏறக்குறைய பாதி எரியாத நைட்ரஜன்; காற்றோடு கலந்த பிறகு ஒரு சிலிண்டர் நிறைய உள்ள கலவையில் அடங்கிய வெப்பம், பெட்ரோல் கலவையில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. மற்ற நஷ்டங்களையும் சேர்த்தால் சக்தி ஏறக்குறையப் பாதியளவுக்கு இறங்கிவிடும். ஒவ்வொரு முறையும் சிலிண்டருக்குள் எவ்வளவு வெப்பத்தை அடைக்க முடிகிறதோ, அதற்கு மேல் எந்த மெக்கானிக்காலும் சக்தியைக் கறந்துவிட முடியாது என்பது அன்று சென்னை மாகாணம் முழுவதும் பிரத்தியட்சமாக நிரூபணமாயிற்று. பின்னர் ஐம்பதுகளில் டீசலின் சிக்கனம் உணரப்பட்டு, சிம்ப்சன் கம்பெனியார் தயாரித்த பெர்கின்ஸ் பி6 போன்ற டீசல் என்ஜின்களைப் பழைய பெட்ரோல் லாரிகளில் மாற்றிப் பூட்டும் வழக்கம் பரவியது. பெரிய லாரிகளில் பெட்ரோலின் காலம் அத்துடன் முடிவடைந்தது.

சரி, அந்த வெப்பத்தை அடைப்பது எப்படி? இங்கேதான் பலரும் முதலில் தவறான திசையில் போய்விடுகிறார்கள். பெட்ரோலை அதிகமாகக் கொடுத்தால் சக்தி அதிகமாகும் என்று நினைக்கிறார்கள். பெட்ரோல் எரிய வேண்டுமானால் காற்று வேண்டும். ஒரு கிராம் பெட்ரோல் முற்றிலும் எரிய 14.7 கிராம் காற்று தேவை. மேலே சொன்ன 1,197 கன சென்டிமீட்டர் என்ஜின் நிமிஷத்துக்கு 3,000 சுற்றில் முழுத் திறப்பில் ஓடும்போது, சுமார் 1,500 லிட்டர் காற்றை ஒரு நிமிஷத்தில் உறிஞ்சுகிறது. அதன் எடை ஏறக்குறைய 1.7 கிலோகிராம். அந்தக் காற்றில் முற்றிலும் எரியக்கூடிய பெட்ரோல் சுமார் 116 கிராம்; கலவையைச் சற்றுக் கெட்டியாக்கினாலும் ஏறக்குறைய 130 கிராமுக்கு மேல் பயனில்லை. அதற்கு மேல் ஊற்றும் பெட்ரோல் புகையாகவும், பிளக்கில் படியும் கரியாகவும், எண்ணெயைக் கெடுக்கும் கசிவாகவும் வீணாகும். ஆகவே சக்தியை வளர்ப்பது என்பது முதலாவதாகக் காற்றை வளர்ப்பது; பெட்ரோல் அதைப் பின்தொடர்ந்து வரவேண்டிய துணை.

காற்றின் எடை அதன் உஷ்ணத்தைப் பொறுத்தது என்பதையும் சென்னைவாசிகள் கவனிக்க வேண்டும். 15 டிகிரியில் இருக்கும் காற்றைவிட, சித்திரை வெயிலில் 40 டிகிரிக்குச் சூடான காற்று நூற்றுக்கு எட்டுப் பங்கு லேசானது. அந்த அளவுக்கு என்ஜினின் சக்தியும் குறையும். ரேடியேட்டரின் பின்னாலிருந்தோ, சைலன்சர் குழாயின் பக்கத்திலிருந்தோ வெந்த காற்றை உறிஞ்சும்படி காற்றுக் குழாய் இடம் பெயர்ந்திருந்தால் நஷ்டம் இன்னும் அதிகம். கம்பெனியார் பொருத்திய குழாயைக் கழற்றியெறிந்துவிட்டு, கூம்பு வடிவத்தில் பளபளப்பான ஃபில்டர் ஒன்றை என்ஜினின் அருகிலேயே திறந்தபடி மாட்டிவிட்டு, ‘சத்தம் நன்றாக வருகிறது, சக்தியும் ஏறிவிட்டது’ என்று திருப்தியடைபவர்கள், உண்மையில் வெளியிலிருந்து வந்த குளிர்ந்த காற்றைத் தள்ளிவிட்டு வெந்த காற்றை வரவேற்றவர்கள். சத்தம் சக்தியின் அடையாளமன்று என்பதை, சக்தியை அளக்கும் கருவியான டைனமோமீட்டர் ஒருமுறை காட்டிவிட்டால் அந்த மயக்கம் தீர்ந்துவிடும்.

காற்றுக்கு அடுத்தது கலவையின் விகிதம். 14.7க்கு 1 என்பது முழுமையாக எரிவதற்கான கணக்கு. அதுவே புகைச் சுத்திகரிப்புக் கருவியான கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சரிவர வேலை செய்வதற்கும் ஏற்ற கணக்கு. ஆனால் மிகுந்த சக்தி கிடைப்பது சற்றுக் கெட்டியான கலவையில், அதாவது பன்னிரண்டரை முதல் பதின்மூன்று வரை காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் இருக்கும்போது. ஆகையால் சாதாரண ஓட்டத்தில் முன்னதையும், ஓட்டுநர் ஆக்சிலேட்டரை முழுதும் அழுத்தும் தருணத்தில் பின்னதையும் என்ஜினுக்குக் கொடுப்பதே கலவையை ஒழுங்கு செய்யும் முறை. கார்புரேட்டர் காலத்தில் ஜெட்டை மாற்றி மாற்றி, பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்த்து மெக்கானிக்குகள் இதைத் தீர்மானித்தார்கள். இன்று சைலன்சர் குழாயில் பொருத்தும் வைடுபேண்டு ஆக்ஸிஜன் சென்சர், அந்த விகிதத்தை எண்ணாகவே காட்டிவிடுகிறது.

மூன்றாவதாக வருவது தீப்பொறியின் தருணம். சூட்சுமமான விஷயமும் இதுவே. கலவை பற்றியவுடன் நொடிப்பொழுதில் எரிந்து முடிவதில்லை. அதற்கு ஆயிரத்தில் இரண்டு விநாடி போல ஆகிறது. நிமிஷத்துக்கு 3,000 சுற்றில் கிராங்கு ஷாஃப்ட், ஆயிரத்தில் ஒரு விநாடிக்குள் 18 டிகிரி சுழன்றுவிடும். எனவே பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 25, 30 டிகிரி முன்பாகவே பொறி பறந்தால்தான், எரிந்த வாயுவின் அழுத்தம் பிஸ்டன் உச்சியைக் கடந்து சுமார் 15 டிகிரி இறங்கும் சமயத்தில் உச்ச நிலையை அடையும். ஊஞ்சலைத் தள்ளுபவன் அது தன்னிடம் வந்து திரும்பத் தொடங்கும் கணத்தில் கை கொடுத்தால் ஊஞ்சல் உயர்வதையும், வரும்போதே எதிர்த்துத் தள்ளினால் கைக்கும் ஊஞ்சலுக்கும் அதிர்ச்சி உண்டாவதையும் பார்த்தவர்களுக்கு இந்தத் தத்துவம் எளிதில் விளங்கும். பொறி தாமதித்தால் வெப்பம் சைலன்சர் வழியே வீணாகும். மிகவும் முந்தினால், எரியாமல் எஞ்சியிருந்த கலவை அழுத்தத்தையும் உஷ்ணத்தையும் தாங்காமல் ஒரே சமயத்தில் வெடித்து, மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்று சொல்லும் உலோகச் சத்தத்தை உண்டாக்கும். அதை அலட்சியம் செய்து ஓட்டினால் பிஸ்டனின் தலையே ஓட்டை விழுந்துவிடும்.

ஆக்டேன் எண் என்பது இந்த நாக்கிங்கை எதிர்க்கும் திறனின் அளவு. கூடிய ஆக்டேன் உள்ள பெட்ரோலில் கூடிய சக்தி ஒளிந்திருப்பதாக எண்ணி, சாதாரண என்ஜினுக்கு விலையுயர்ந்த பெட்ரோலை ஊற்றுவதால் பெரிய பயன் ஏதுமில்லை. அதன் உதவியால், பிஸ்டன் கலவையை நெருக்கும் அழுத்த விகிதத்தை உயர்த்தவோ பொறியை முந்தச் செய்யவோ இடமிருந்தால்தான் அது சக்தியாக மாறும். அழுத்த விகிதம் ஆறரையாக இருக்கும் ஓர் இலட்சிய என்ஜின், வெப்பத்தில் நூற்றுக்கு 53 பங்கை வேலையாக மாற்றும் என்றும், பத்தாக உயர்ந்தால் 60 பங்கை மாற்றும் என்றும் கணிதம் சொல்கிறது. நடைமுறையில் கிடைப்பது அதில் ஏறக்குறையப் பாதியே என்றாலும் விகிதாசாரம் மாறாது. திருவொற்றியூரில் செய்த பழைய 350 சி.சி. புல்லட்டின் அழுத்த விகிதமும் குறைவானதுதான். 346 கன சென்டிமீட்டரிலிருந்து அது 18 குதிரைச் சக்தியே தந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஒரு காலத்தில் ஆக்டேனை உயர்த்தப் பெட்ரோலில் ஈயச் சேர்மத்தைக் கலந்தார்கள். அந்த விஷத்தின் தீமையை உணர்ந்து, 1995ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் அறிமுகமாயிற்று. 2000ஆம் ஆண்டில் நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் ஒழிந்தது.

இப்போது பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனாலும் டியூனிங் கற்பவன் அறிந்திருக்க வேண்டிய பொருள். அதன் ஆக்டேன் எண் நூற்றுக்கும் மேல். ஆவியாகும்போது அது கலவையைக் குளிர்விக்கிறது. இவை சக்திக்கு அனுகூலமானவை. ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் அடங்கிய வெப்பம் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு முழு எரிப்பின் விகிதம் 14.7 அன்று, ஏறக்குறைய 13.5. பழைய கார்புரேட்டர் என்ஜினில் ஜெட்டை மாற்றாமல் இதை ஊற்றினால் கலவை மெலிந்து என்ஜின் சூடேறும். ஆக்ஸிஜன் சென்சர் உள்ள புதிய என்ஜினோ தானே திருத்திக்கொள்ள முயலும்.

சோழவரத்துப் பந்தயங்களின் காலத்தில் ஃபியட் 1100, ஸ்டாண்டர்டு ஹெரால்டு முதலிய சாதாரணக் கார்களின் என்ஜின்களை எடுத்து நம்மவர்களே பந்தய வண்டிகள் கட்டினார்கள். ஹெட்டைச் சீவி அழுத்த விகிதத்தை உயர்த்துவது, காற்று போகும் துளைகளை வழுவழுப்பாக்குவது, இரட்டைக் கார்புரேட்டர் பொருத்துவது, வால்வுகளை அதிக நேரம் திறந்து வைக்கும் கேம் ஷாஃப்டைச் செதுக்குவது ஆகியவை பந்தய உலகம் எங்கும் வழங்கிய முறைகள். 1990ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் புதிய பந்தயப் பாதை திறக்கப்பட்ட பிறகு சோழவரம் ஓய்வு பெற்றது. ஆயினும் பந்தயத்துக்குப் பொருந்திய வித்தை சுமை வண்டிக்கு அப்படியே பொருந்திவிடாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்.

சக்தி வேறு, முறுக்குவிசை வேறு. முறுக்குவிசை என்பது கிராங்கு ஷாஃப்டைத் திருப்பும் பலம். டார்க் என்பது இதுவே. சக்தி என்பது அந்தப் பலத்தை எவ்வளவு வேகமாகத் திரும்பத் திரும்பப் பிரயோகிக்க முடிகிறது என்பது. நியூட்டன் மீட்டரில் உள்ள முறுக்குவிசையை நிமிஷச் சுற்றுக்களால் பெருக்கி 9,549ஆல் வகுத்தால் கிலோவாட்டில் சக்தி கிடைக்கும். சூப்பர் கேரி என்ஜினின் உச்ச முறுக்குவிசை 2,900 சுற்றில் 104.4 நியூட்டன் மீட்டர். கணக்கிட்டால் அந்தச் சமயத்தில் சக்தி 31.7 கிலோவாட் மட்டுமே, உச்ச சக்தியில் பாதிக்குச் சற்று மேல். 6,000 சுற்றில் சக்தி 59.4 கிலோவாட்டாக உயரும்போது முறுக்குவிசை 95 நியூட்டன் மீட்டருக்கு இறங்கிவிடுகிறது. இரும்புக் கம்பிகளையோ குடிநீர்க் கேன்களையோ ஏற்றிக்கொண்டு மேம்பாலம் ஏறும் ஓட்டுநர் 6,000 சுற்றில் ஓட்டுவதில்லை. அவர் வாழ்வது 1,500க்கும் 3,500க்கும் இடையில். பந்தயக் கேம் ஷாஃப்டைப் பூட்டினால் மேலே சக்தி கூடலாம். ஆனால் அவருக்கு வேண்டிய இடத்தில் முறுக்குவிசை குறையும். லோடு வண்டியை டியூன் செய்பவனின் இலட்சியம் கீழ்ச் சுற்றுக்களில் முறுக்குவிசையை நிரப்புவதும், அது நடுவில் தொய்வின்றித் தொடரச் செய்வதுமேயாகும்.

இனி, இந்த வித்தையைக் கற்க விரும்புபவன் எந்த வரிசையில் கற்க வேண்டும் என்பதைப் பார்ப்போம். நல்ல பட்டறையில் ‘பிக்கப் ஏத்தணும்’ என்று வருபவருக்கு அனுபவஸ்தரான மேஸ்திரி முதலில் சொல்வது, “தம்பி, ஃபில்டரைக் கழட்டிக் காட்டு” என்பதுதான். சக்தி குறைந்துவிட்டதென்று கொண்டுவரப்படும் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கூடுதல் சக்தி தேவையில்லை; இழந்த சக்தி திரும்பினால் போதும். மணலிச் சாலைப் புழுதியில் அடைபட்ட ஏர் ஃபில்டர், தேய்ந்த பிளக், இடைவெளி தவறிய வால்வு, காற்று கசியும் ரப்பர் குழாய், அடைத்துக்கொண்ட இன்ஜெக்டர், விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக், காற்றுக் குறைந்த டயர், நழுவும் கிளச் ஆகியவை தனித்தனியே சிறிதும் கூட்டாகப் பெரிதுமாகச் சக்தியைத் தின்றுவிடும். கம்ப்ரஷன் கேஜை ஒவ்வொரு சிலிண்டரிலும் வைத்துப் பார்த்து, நான்கிலும் அழுத்தம் ஏறக்குறையச் சமமாக இருப்பதை உறுதி செய்யாமல் அடுத்த படிக்குப் போவது வீண் பிரயாசை. ஒரு சிலிண்டர் நலிந்திருக்கும் என்ஜினில் எந்த டியூனிங்கும் நிலைக்காது. அதற்கு வேண்டியது ரிங்கும் வால்வு வேலையும்.

இரண்டாம் படி, பார்ப்பதற்குப் பழகுவது. வண்டியின் கோளாறுகளை அறிய உதவும் ஓ.பி.டி. இணைப்பில் ஸ்கேனரைச் செருகினால், காற்றின் உஷ்ணம், பொறியின் முன்னகர்வு, கலவைத் திருத்தம், ஆக்ஸிஜன் சென்சரின் நிலை யாவும் எண்களாக ஓடும். ஆரோக்கியமான வண்டி ஒன்றில் இந்த எண்கள் வெறுமனே நிற்கும்போதும், மேடேறும்போதும், வேகமெடுக்கும்போதும் எப்படி மாறுகின்றன என்று குறிப்பு எழுதி வைத்துப் பழகியவனுக்கு, நோயுற்ற வண்டியின் எண்களே நோயைச் சொல்லிவிடும்.

மூன்றாம் படியில்தான் மாற்றுதல் வருகிறது. இன்றைய என்ஜினை ஆளும் ஈ.சி.யு. என்னும் சிறு கணிப்பெட்டிக்குள், ஒரு புறம் சுற்று வேகமும் மறு புறம் சுமையும் குறிக்கப்பட்ட அட்டவணைகள் இருக்கின்றன. ஒவ்வொரு கட்டத்திலும், அந்த நிலையில் எவ்வளவு பெட்ரோல், எத்தனை டிகிரி முன்னதாகப் பொறி என்ற எண் எழுதப்பட்டிருக்கும். ரீமேப்பிங் என்பது இந்த எண்களைத் திருத்துவதே. பிறர் வண்டியில் கை வைப்பதற்கு முன், பழைய என்ஜின் ஒன்றை இரும்புச் சட்டத்தில் நிறுத்தி, எவரும் படித்தறியும்படி அமைப்பைத் திறந்து வைத்திருக்கும் ஸ்பீடுவினோ போன்ற கணிப்பலகையைப் பொருத்தி, அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்தையும் தானே நிரப்பிக் கற்பது உத்தமமான மார்க்கம். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றும் முன்னும் பின்னும் அளக்க வேண்டும். அளவு கூடாவிட்டால் பழைய எண்ணுக்கே திரும்ப வேண்டும். பொறியை ஒவ்வொரு டிகிரியாக முந்தச் செய்யும்போது முறுக்குவிசை ஏறிக்கொண்டே போய், ஓரிடத்தில் ஏறுவது நின்றுவிடும். அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். அதற்கு முன்னதாகவே நாக்கிங் தலைகாட்டினால் அதற்கும் சில டிகிரி பின்வாங்கி நிற்க வேண்டும். ரோலர் டைனமோமீட்டரில் இதைச் செய்வதே முறை. பொதுச் சாலை பரிசோதனைக்கூடமன்று.

காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ இல்லாத ஒரு சிறு பெட்ரோல் என்ஜினில் அட்டவணையை மட்டும் திருத்திப் பெறக்கூடிய லாபம் மிகச் சொற்பம். ஏனெனில் கம்பெனியின் இஞ்சினியர்கள் எளிதில் கிடைக்கக்கூடியதை விட்டுவைப்பதில்லை. அவர்கள் ஒதுக்கி வைக்கும் சிறிய இடைவெளியும், மட்டமான பெட்ரோல், கடும் கோடை, அதிக பாரம் ஆகிய ஆபத்துகளுக்காக வைக்கப்பட்ட காப்பு. பாதி விலையில் இருமடங்கு சக்தி என்று விளம்பரம் செய்பவரிடம் முன்னும் பின்னும் எடுத்த டைனமோமீட்டர் வரைபடத்தைக் கேட்பது வண்டிச் சொந்தக்காரரின் உரிமை. அதைக் காட்ட இயலாதவரிடம் வண்டியைக் கொடுக்காதிருப்பது புத்திசாலித்தனம்.

சட்டமும் ஒரு வரம்பு வகுத்திருக்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைக்கலாகாது என்று விதிக்கிறது. சட்டத்தைவிடப் பெரியது அக்கம்பக்கத்தாரின் உயிர்மூச்சு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட, மிகவும் மோசமாக மாசுபட்ட தொழிற்பிரதேசங்களின் பட்டியலில் மணலியும் இடம்பெற்றது. அத்தகைய ஊரில், புகை தடையில்லாமல் போகட்டும் என்று கேட்டலிடிக் கன்வெர்ட்டரை அறுத்தெறிந்துவிட்டுச் சக்தி கூடியதாகப் பெருமை கொள்வது வித்தையுமன்று, தர்மமுமன்று. ஆலைப் புகையோடு வாழும் குழந்தைகளின் நுரையீரலில் இன்னும் ஒரு பங்கு நஞ்சைச் சேர்ப்பதற்கு எந்தச் சக்தியும் ஈடாகாது. நன்றாக டியூன் செய்யப்பட்ட என்ஜின் புகைப் பரிசோதனையிலும் நன்றாகத் தேறும். தேறாவிட்டால் அது டியூன் செய்யப்படவில்லை என்றே கொள்ள வேண்டும். அதுபோலவே, என்ஜினின் சக்தி கூடியது என்று சுமையையும் கூட்டிவிடக் கூடாது. பிரேக்கும் ஆக்சிலும் ஸ்பிரிங்கும் பழைய சுமைக்காகவே செய்யப்பட்டவை.

இந்தக் கல்விக்கு நம்மிடம் அடிப்படை இல்லாமலில்லை. அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு இரண்டாண்டுப் படிப்பாக நடைபெறுகிறது. 1949ஆம் ஆண்டில் குரோம்பேட்டையில் தோன்றிய எம்.ஐ.டி. கல்லூரி ஆரம்பத்திலிருந்தே ஆட்டோமொபைல் இஞ்சினியரிங்கைப் போதித்து வருகிறது. கல்லூரி மாணவர்கள் தாமே கட்டிய ஃபார்முலா வண்டிகளைக் கோயமுத்தூரின் கரி மோட்டார் ஸ்பீடுவேயில் ஓட்டிப் போட்டியிடுகிறார்கள். ஆனால் பட்டறையில் கையழுக்கோடு வேலை செய்யும் இளைஞனுக்கும், கல்லூரியில் அட்டவணை எழுதக் கற்கும் மாணவனுக்கும் இடையில் ஒரு பெரும் இடைவெளி இருக்கிறது. முன்னவனுக்கு என்ஜினின் குணம் தெரியும். அளவுக் கருவி கிடைப்பதில்லை. பின்னவனுக்குக் கருவி கிடைக்கிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடித் தேய்ந்த என்ஜினோடு பழக்கமில்லை.

ஆகையால், வடசென்னையில் உள்ள தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றிலாவது, இரும்புச் சட்டத்தில் நிறுத்திய பெட்ரோல் என்ஜின், வைடுபேண்டு சென்சர், திருத்தக்கூடிய ஈ.சி.யு., சிறிய டைனமோமீட்டர் ஆகியவற்றைக் கொண்ட ஒரு கூடத்தை அமைத்து, மாலை வேளைகளில் பட்டறைத் தொழிலாளர்களுக்கும் அதைத் திறந்துவிட வேண்டும். பெட்ரோலை வடிக்கும் ஆலையும் லாரிகளைச் செய்யும் தொழிற்சாலையும் இங்கேயே இருக்கும்போது, அவற்றின் உதவியோடு இதைச் செய்வது சாத்தியமற்ற காரியமன்று. அதுவரையில், இத்தொழிலில் இறங்க விரும்பும் இளைஞன் தன் முதல் சம்பாத்தியத்தில் பளபளப்பான ஃபில்டரை வாங்காமல் ஒரு கம்ப்ரஷன் கேஜையும் ஒரு ஸ்கேனரையும் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் வாங்கட்டும். அளந்ததை எழுதி வைக்கும் பழக்கம் உண்டாகிவிட்டால், மற்ற வித்தைகள் யாவும் அதன்பின் தாமே வந்து சேரும்.